கிணறு செவ்வாயான கதை: ஆம்பூர் பக்கம் இரண்டு நாள்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இந்தப் பதிவை ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. ஆறாத கோபத்தோடு எழுதினால் கட்டணம், நேரம் எல்லாம் தப்பாகிவிடும் என்றாள் தோழி. கட்டணங்களை டிக்கெட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். மற்றதற்கு நான் பொறுப்பு.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. லீவு கிடைத்தால் அறிவியல் நடந்த இடங்களைத் தேடிப் போய், வந்து இங்கே எழுதுகிறவள். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டு, மறுநாள் இரண்டாம் சனியையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன். பார்க்கப் போனது, பிரபஞ்சத்தில் வேறெங்காவது உயிர் இருக்கிறதா என்று ஆராயும் ஒரு நிலையத்தின் வரலாற்றை. நிலையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நோட்டீஸ் வரும் என்றான் வக்கீலாக இருக்கும் என் தம்பி. கிணறு இருக்கிற ஊரின் பெயரையும் எழுதவில்லை. அது அங்கே குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டது. நிஜமாகவே போக நினைக்கிறவர்கள் தனியாகக் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

நிலையத்தின் இணையப் பக்கத்தில் உள்ள வரலாறு சுருக்கமாக இது. தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள். அப்படி அடுக்கிய தோலில் சில சமயம் சிவப்புத் திட்டு பூக்கும். தோல்காரர்களுக்கு அது நஷ்டம். முப்பது வருடத்துக்கு முன்னால் அதைப் பார்க்க வந்த இரண்டு விஞ்ஞானிகளுக்கு அது வேறு மாதிரி பட்டது. எந்த உயிரும் தலைகாட்டக் கூடாது என்றுதான் உப்பே போடுகிறோம். அதிலேயே ஒன்று சிவப்பாக வாழ்கிறது என்றால், உப்பு கிடக்கிற செவ்வாய் கிரகத்தில் ஏன் வாழக் கூடாது? மூடிக்கிடந்த ஒரு தோல் கம்பெனியின் பின்பக்கம் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து ஆரம்பித்தார்கள். இன்று விரிஞ்சிபுரம் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம்.

இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்புக்குப் பல வருடமாகச் சொல்லியிருக்கிறேன். பின் பெஞ்சுகூடத் தூங்காமல் கேட்கும். அந்த இரண்டு அறையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சென்னை சென்ட்ரலில் காலை ரயில், இரண்டாம் வகுப்பு இருக்கை 105 ரூபாய், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆம்பூரில் இறங்கும்போது பத்து மணி. ஸ்டேஷன் வாசலில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 65 ரூபாய். பேரணாம்பட்டு சாலையில் பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும். டவுன் பஸ் உண்டு, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் மணிக்கு ஒன்றுதான் வரும், இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவசரக்குடுக்கையான நான் ஆட்டோ பேசினேன். 450-ல் ஆரம்பித்து, போக வரக் காத்திருப்போடு 380-க்கு வந்தார் டிரைவர் சாதிக்.

இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "அங்க இன்னா மேடம் இருக்குது பாக்கறதுக்கு? உப்பு மேடுதான் இருக்குது." ஆராய்ச்சி நடந்த இடம் என்று பெருமையாகச் சொன்னேன். "ஆராய்ச்சி பண்ணாங்க. தண்ணி மட்டும் லாரிலதான் வருது," என்று வண்டியைக் கிளப்பினார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

தோல் கம்பெனியில் இப்போது இருப்பது நாலு சுவரும் ஒரு இரும்புக் கதவும். அதன் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை, பூட்டி, பூட்டில் துருவேறி. இதுதான் என் புனித பூமி. பக்கத்தில் வரிசையாகத் தொட்டி மாதிரி ஆழமில்லாத பாத்திகள். தோல் ஊறவைத்த உப்புத் தண்ணீரை அதில் விட்டு வெயிலில் காயவிடுவார்களாம். ஒன்றிரண்டில் மழைத் தண்ணீர் தேங்கி, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு. படத்தில் பார்த்த அதே சிவப்பு. பிள்ளைகளுக்குக் காட்ட ஆறேழு போட்டோ எடுத்தேன், மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அதற்கும் பின்னால் ஆள் உயரத்துக்கு அழுக்கு உப்பு மேடு. மேட்டிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு கிணறு. கிணற்றைச் சுற்றி முப்பது நாற்பது வீடுகளும் ஒரு சின்ன ஜெபவீடும்.

இந்த வீடுகள் இணையப் பக்கத்தின் வரலாற்றில் இல்லை. கிணறு உண்டு, ஆய்வு செய்யும் இடங்களில் ஒன்றாக. "நான்காம் தளம்" என்று பெயர். படத்துக்குக் கீழே, "இயற்கையான உவர் நிலம், மனித நடமாட்டம் இல்லை" என்று எழுதியிருக்கும். அதே கிணற்றின் மேடையில் அன்று ஒன்பது பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசையில் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இது அதற்கும் மேல்.

நான் போட்டோ எடுப்பதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா வந்தார். பெயர் எஸ்தர், அறுபதுக்குப் பக்கம் வயது. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். இடுப்பில் ஒன்று இருந்தது. நிலையத்திலிருந்து வருகிறேனா என்று கேட்டார். இல்லை, டீச்சர், சுற்றிப் பார்க்க வந்தேன் என்றேன். முகம் வாடியது. அங்கிருந்து யாராவது வருவார்கள் என்று எட்டு மாதமாகக் காத்திருக்கிறாராம். எதற்கு என்று கேட்டேன். வீட்டு நிழலில் உட்கார வைத்துச் சொன்னார்.

அந்த இரண்டு அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் எஸ்தர். கூட்டுவது, பாட்டில் கழுவுவது, அதோடு முக்கியமாகக் கிணற்று வேலை. திங்கட்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு வாளி இறைத்து, கையளவு மீட்டர் ஒன்றை அதில் நனைத்து, அது காட்டும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், கயிறு எத்தனை முழம், எண், கையெழுத்து. எட்டாவது வரை படித்தவர். ஒரு திங்கள்கூடத் தவறவில்லை என்றார். பிரசவமான வாரத்தில்கூட வாளியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி எழுதினாராம்.

அந்த மீட்டர் என்ன என்று எனக்குத் தெரியும். என் பள்ளி ஆய்வகத்திலும் ஒன்று உண்டு. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அது காட்டும். உப்பு ஏற ஏற எண் ஏறும். இதை விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எஸ்தருக்காக யாரும் செலவழிக்கவில்லை.

"மொத நாளு சாரு இன்னா சொன்னாரு தெரியுமா டீச்சர்? நாங்க உயிரத் தேடறோம், இதுல வர்ற நம்பர எழுதி வைம்மான்னாரு. அவ்ளோதான். அப்ப நான் இன்னா நெனைப்பேன்? தண்ணியில எவ்ளோ உயிரு கீதுன்னு அது சொல்லுதுன்னு நெனச்சேன்."

முதல் திங்கட்கிழமை எண் 0.8. வருடா வருடம் ஏறியது. ஏற ஏற அறையில் சந்தோஷம். எண் இரண்டைத் தாண்டியபோது சார்கள் வேலூரிலிருந்து லட்டு வாங்கி வந்து காலனி முழுக்கக் கொடுத்தார்கள். எஸ்தருக்கும் பெருமை. நம்ம கிணற்றில் உயிர் கூடுகிறது, நம் கையால் அல்லவா எழுதுகிறோம் என்று. சார்கள் மட்டும் தங்களுக்குத் தண்ணீர் கேனில் கொண்டுவருவார்கள். டவுன்காரர்களுக்கு வயிறு சேராது போல என்று அதற்கும் இவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாராம்.

தண்ணீர் கரிக்கிறதே, நாக்குக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியாமலா, என்றார். ஆனால் ஒரே நாளில் கரிக்கவில்லை. துளித்துளியாக ஏறியது, பழகிவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள்தான் முகம் சுளிப்பார்கள். சில குடும்பங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த போர்வெல்லுக்குப் போக ஆரம்பித்தன. அவர்களைத் தடுத்தவர் எஸ்தர்.

"நான்தான் சொன்னேன். கரிச்சா இன்னா, உயிரு ஜாஸ்தியா கீது, நம்பரு ஏறுது, நானே எழுதறேன், இந்தத் தண்ணியே குடிங்கன்னு. ஆராய்ச்சிக்காரங்ககூட இருக்கறவ சொல்றான்னு நம்பிக் குடிச்சாங்க டீச்சர். ரெண்டு வருசம். மாசமா இருந்த பொண்ணுங்களும் குடிச்சாங்க."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. இடுப்புக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டார். எனக்குத்தான் உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். ஒரு திங்கட்கிழமை எண்ணை எழுதிவிட்டுத் திரும்பும்போது ஒரு யோசனை. தோல் கழுவின பழைய பாத்தியில் தேங்கிய தண்ணீரில் என்ன காட்டும்? அதில் ஒரு புழுகூட நெளியாது, மாடு வாய் வைக்காது. உயிரே இருக்காதே, எண் பூஜ்யத்துக்குப் போக வேண்டுமே என்று மீட்டரை அதில் நனைத்துப் பார்த்தார்.

"நம்பரு ஏறினே போச்சு, நிக்கவேயில்ல. அப்பதான் தெரிஞ்சுது, இவ்ளோ நாளும் நான் எழுதினது உயிரு இல்ல, உப்புன்னு."

ஒரு அளவி எதைக் காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால், விடை தெரிந்த ஒன்றில் வைத்துப் பார் என்று வருடத்துக்கு இருநூறு பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நூறு பேர் எழுதிக்கொள்வார்கள், ஒருத்தரும் செய்ய மாட்டார்கள். எஸ்தர் செய்தார். அந்த நிலையத்தில் அந்த ஊர் மக்களுக்காக நடந்த ஒரே பரிசோதனை அதுதான். அன்று மாலையே ஜெபவீட்டு வாசலில் நின்று, நான் சொன்னது தப்பு, இனி இதைக் குடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சில பேர் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

சாரிடமும் கேட்டிருக்கிறார். கத்தவில்லை, கேட்டிருக்கிறார். "நாங்க தண்ணி டெஸ்ட் பண்றவங்க இல்லம்மா, உயிர் ஆராய்ச்சி பண்றவங்க" என்று பதில் வந்ததாம். கிணற்றில் பழைய உயிர்கள் ஒவ்வொன்றாகச் செத்து உப்பில் வாழ்கிறவை குடியேறுவதைப் பதினோரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் அவர்களுடைய புகழ்பெற்ற ஆராய்ச்சி. ஒரு சின்ன உலகம் செவ்வாயாக மாறுவதை நேரில் கண்டோம் என்று இணையப் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்த வரியை வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டியவள். அந்தச் சின்ன உலகத்தில் ஆள் குடியிருந்தது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

எட்டு மாதக் காத்திருப்புக்குக் காரணம் இனிமேல்தான். உப்பு மேட்டை அகற்றுங்கள், எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுங்கள் என்று காலனிக்காரர்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்த பதிலை எஸ்தர் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அந்த இடம் இயற்கையிலேயே உவர் நிலம், உப்பு மேட்டால் கிணறு கெடவில்லை என்று பதில். ஆதாரம்? நிலையத்தின் வரலாற்றுப் பக்கம். படத்துக்குக் கீழே யாரோ அழகுக்காக எழுதிய அந்த ஒரு வரி. காலனிக்காரர்கள் மறுப்பு எழுதிக் கொடுத்ததில், அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. கிணறு ஒரு காலத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு என்று காட்ட உலகத்தில் ஒரே ஒரு காகிதம் இருக்கிறது. எஸ்தர் எழுதிய முதல் நோட்டின் முதல் பக்கம், 0.8. அறையைக் காலி பண்ணும்போது நோட்டுகளை நிலையம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எட்டு மாதத்தில் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை.

நாளைக்கு நான் அங்கேதான் போகிறேன், கூட வருகிறீர்களா அக்கா என்றேன். காலையில் எத்தனை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஆம்பூர் போய்விட்டுப் பிரியாணி பற்றி எழுதாவிட்டால் திட்டுவீர்கள். மட்டன் பிரியாணி 220 ரூபாய், கூடவே கத்தரிக்காய் தாராளம். நல்ல பிரியாணி என்று இலையைப் பார்த்தால் தெரிந்தது. வாயில் ஒன்றும் தெரியவில்லை. லாட்ஜ் அறை 900, விசிறி சத்தம், மற்றபடி சுத்தம்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு எஸ்தர் இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில் நின்றார். வேலூர் பஸ்ஸில் விரிஞ்சிபுரத்துக்குத் தலைக்கு 35 ரூபாய், முக்கால் மணி நேரம். இறங்கி ஆட்டோ, உள்ளே நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய். நிலையத்தின் வரலாற்றுக் கூடம் திறப்பது இரண்டாம் சனிக்கிழமை மட்டும், பத்திலிருந்து ஒரு மணி வரை. கட்டணம் இல்லை, ஆதார் காட்ட வேண்டும்.

கூடம் குளுகுளுவென்று நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் சிவப்புக் கிரகம், அதன் கீழே நிறுவனர்கள், பரிசுகள், வெளிநாட்டு விருந்தினர்கள். சுற்றிக்காட்ட வந்தவர் ஆராய்ச்சி மாணவர், இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பிள்ளை. இடது பக்கம் மூன்றாவது கண்ணாடிப் பெட்டிக்கு வந்ததும் எஸ்தர் நின்றுவிட்டார். உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், ஒரு நீளக் கணக்கு நோட்டு. அடியில் "நான்காம் தளத்தின் முதல் பதிவேடு" என்று அட்டை. நடுவில் எங்கோ விரித்து வைத்திருந்தார்கள். லட்டு கொடுத்த வாரம். 2.1 என்ற எண்ணைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாக எஸ்தரின் கையெழுத்து.

இது என் எழுத்து தம்பி, என்றார். முதல் பக்கத்தை மட்டும் திருப்புங்கள், டீச்சர் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும் என்றார். பையன் பெட்டியின் பூட்டைப் பார்த்தான். சாவி தன்னிடம் இல்லை என்று நிர்வாக அதிகாரியைக் கூட்டிவந்தான். அதிகாரி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். பழைய தாள், அடிக்கடி வெளிச்சம் படக் கூடாது என்றார். பெட்டிக்குள் எரிகிற விளக்கைக் காட்டினேன். அது வேறு வெளிச்சம் என்றார். நான் இயற்பியல் ஆசிரியை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அதற்குள் எஸ்தர் யார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. ஓடிப்போய் விருந்தினர்களுக்கு வைத்திருந்த பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்தார். நிலையத்தின் ஆரம்ப கால ஊழியர், உங்கள் படத்தையே இந்தச் சுவரில் மாட்டுகிறோம், பெயரும் போடுகிறோம் என்றார். போட்டோ எடுக்க ஆளும் வந்துவிட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். பொரியாவது தின்னலாம்.

எஸ்தர் பொன்னாடையை வாங்கி, மடித்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"பேரு வேணாங்க சார். மொதப் பக்கத்தக் குடுங்க."

விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், குழு கூடி முடிவெடுக்கும் என்றார் அதிகாரி. குழு எப்போது கூடும்? ஏப்ரலில். விசாரணை செவ்வாய்க்கிழமை. நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. வகுப்பில் ஒரு தடவைகூட நான் பயன்படுத்தாத சொற்கள் இரண்டு அதில் உண்டு. வருத்தமில்லை.

எஸ்தர் விண்ணப்பம் எழுதினார். வேறு தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே, தேதி, நேரம் போட்டு, கட்டம் கட்டமாக, கடைசியில் கையெழுத்து. பெறப்பட்டது என்று முத்திரை குத்திய நகலை வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றார். இருபது நிமிடம் ஆனது, கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நானும் விடுப்பு போட்டுப் போனேன். எஸ்தர் முதல் பக்கத்தின் எண்களை வரிசையாகச் சொன்னார். 0.8, 0.8, 0.9, மழை வந்த வாரம் 0.7. ஞாபகத்தைப் பதிவு செய்ய முடியாது, மூலப் பக்கமோ அதன் படமோ வேண்டும் என்றார் விசாரணை அதிகாரி. முத்திரை குத்திய நகலைக் காட்டியதால் மனுவைத் தள்ளவில்லை, மே மாதத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார். அதற்குள் அந்தப் பக்கம் வர வேண்டும். வராவிட்டால், கிணறு பிறந்ததிலிருந்தே கரித்தது என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும். அப்புறம் உப்பு மேடு அங்கேயேதான்.

வேறு கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்று தேடுவதை நான் இன்னும் பெரிய காரியமாகத்தான் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம். எங்கோ கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு துளி ஈரத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு, நூறு அடியில் குடத்தோடு நின்ற பெண் உயிராகத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இனி இந்தக் கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் சென்னையிலிருந்து காட்பாடி வரை ரயில், வேலூர் வந்து ஆம்பூர் பஸ் பிடித்து விரிஞ்சிபுரத்தில் இறங்குவது வசதி. உள்ளே போகும் ஆட்டோவைத் திரும்பி வரவும் பேசிவிடுங்கள், அங்கே வேறு வண்டி கிடைக்காது. காலனிக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே வாங்கிக் குடித்து அவர்கள் குடத்தைக் குறைக்காதீர்கள். கைபேசியில் படம் எடுக்கக் கூடத்தில் தடையில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதத்திலும் இரண்டாம் சனிக்கிழமை கூடம் திறந்திருக்கும். இடது பக்கம் மூன்றாவது பெட்டி. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேளுங்கள், முதல் பக்கத்தைத் திருப்பச் சொல்லி. சாவி இல்லை என்பார்கள். ஒரு மணி வரை நேரம் இருக்கிறது, பெட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள்.